பருவச் சொல்

அடுத்த ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஜப்பானுக்குப் போவதாக இருக்கிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து நரிட்டா என்று வழியும் பார்த்தாயிற்று. எதற்கு என்று பாங்கில் கேட்டவர்களிடம் செர்ரிப் பூ பார்க்க என்று சொல்லிவிட்டேன். அது அவர்களுக்குச் சட்டென்று விளங்குகிறது. நான் போய்ச் சேரும்போது டோக்கியோவிலும் கியோட்டோவிலும் செர்ரிப் பூ உதிர்ந்து தீர்ந்திருக்கும். தீர்ந்த பிறகு போவதுதான் என் உத்தேசம். இதை விளக்கப் போனால் காசைக் கரியாக்குகிறவன் என்ற அபிப்பிராயம்தான் உறுதிப்படும்.

நான் பார்க்க விரும்புவது இளவேனில் முடிகிற கட்டத்தை. ஓஸுவின் 1949ஆம் வருஷத்துப் படத்துக்கு அதுதான் பெயர், பின் இளவேனில். கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருக்கும் மகள், அவள் போய்விட்டால் தனித்துப்போகும் அப்பா. பருவம் அங்கே வயசாகிவிடுகிறது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷமும் வசந்தத்தை நான் பரீட்சைக்காகத் தெரிந்துகொண்டவன். சாஸருடைய ஏப்ரலுக்கும் எலியட்டுடைய ஏப்ரலுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே விருதுநகரின் ஏப்ரல் கிடந்தது. அதைப் பற்றிக் கேள்வி வரவில்லை. ஓஸுவின் படத்தைப் பார்த்த பிறகுதான், பருவம் என்பது ஒரு ஜனக்கூட்டம் சேர்ந்து எழுதி வைத்திருக்கிற கணக்கு என்ற எண்ணம் வந்தது. கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் புரியும். அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அப்போது வந்ததுதான்.

ஒரு நோட்டில் திட்டம் எழுதத் தொடங்கினேன். தொடங்கியதுமே சிக்கல். எந்த நாள் முதல் எந்த நாள் வரை பின் இளவேனில்?

ஹைக்கூக்காரர்களின் கணக்குப்படி அது ஏப்ரல் 5 வாக்கில் தொடங்கி மே 5 வாக்கில் முடிகிறது. மே 5 அல்லது 6 அன்று கோடை பிறந்துவிடும். அதற்கு மறுநாள் காற்று எத்தனை குளிர்ச்சியாக இருந்தாலும் கவிதையில் அது கோடைக் காற்று. ஏப்ரல் கடைசியில் விஸ்டேரியா சரம்சரமாகத் தொங்கும். அஷிகாகாவில் அதற்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. வசந்தம் பிறந்ததிலிருந்து எண்பத்தெட்டாம் நாள், மே 2 வாக்கில், தேயிலை பறிப்புக்கு உரிய நாள். மே 4 பசுமைக்கென்று அரசு விடுமுறை. மே 5 குழந்தைகள் தினம், துணியில் செய்த கெண்டை மீன்களைக் கம்பத்தில் பறக்கவிடுவார்கள். ஏப்ரல் 29இல் தொடங்கும் இந்த விடுமுறை வாரத்தில் தேசமே ரயிலில் ஏறிவிடுகிறது, அறை வாடகை ஏறிவிடுகிறது, போகாதே என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. கணக்கு முடிகிற நாளைப் பார்க்க விரும்புகிறவனுக்கு வேறு வழியில்லை.

ஆனால் இந்தக் கணக்கும் புராதனமானதாக அப்படியே இருந்துவிடவில்லை. பாஷோ தன் வடதிசைப் பிரயாணத்துக்கு எடோவிலிருந்து புறப்பட்டது 1689இல், மூன்றாம் மாதம் 27ஆம் நாள். அவருக்கு அது வசந்தம் விடைபெறுகிற சமயம். இன்றைய காலண்டரில் அது மே 16. ஜப்பான் 1873இல் ஐரோப்பியக் காலண்டருக்கு மாறியபோது கவிஞர்கள் பருவச் சொல் அகராதியை உட்கார்ந்து மறுபடி ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. இப்போது வெயிலும் அதைக் கலைக்கிறது. கியோட்டோவில் செர்ரி முழுக்கப் பூக்கும் நாளுக்கு ஒன்பதாம் நூற்றாண்டு தொட்டுக் குறிப்புகள் இருக்கின்றன. 2021இல் மார்ச் 26 அன்றே பூத்தது. அதுவரையிலான ஆயிரத்து இருநூறு வருஷக் குறிப்புகளில் அத்தனை சீக்கிரம் பூத்ததில்லை. ஜப்பானிய வானிலைத் துறை 1953 முதல் 57 வகைச் செடிகளையும் பிராணிகளையும் கவனித்து, முதல் தகைவிலான் வந்த நாள், முதல் தவளை கண்ட நாள் என்று பதிந்து வந்தது. 2021 ஜனவரியோடு அதை ஆறு வகைச் செடிகளாகக் குறைத்துவிட்டார்கள். பிராணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நகரத்தில் அவை கண்ணில் படுவதில்லை என்பது காரணம். ஆக, நான் பார்க்கப் போவது மூடிக்கொண்டு வரும் ஒரு பேரேட்டை.

இந்த இடத்தில் நம் ஹைக்கூவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தமிழில் இந்தப் பேச்சைத் தொடங்கியவர் பாரதி. 1916 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். நோகுச்சியின் கட்டுரை ஒன்றைப் படித்த உற்சாகத்தில் எழுதியது. சொல் சுருக்கம்தான் அவரைக் கவர்ந்தது. வளவளவென்று எழுதிக்கொண்டிருந்த ஒரு சூழலில் அது அவருக்குத் தேவையாகவும் இருந்தது. அறுபத்தெட்டு வருஷம் கழித்து, 1984இல், அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' என்று தொகுப்புகள் வந்தன. அதற்குப் பிறகு வந்தவற்றை எண்ண முடியாது. மூன்று வரி, மூன்றாம் வரியில் ஒரு திருப்பம். நான் படித்த நூற்றுக்கணக்கானவற்றில் பருவச் சொல் என்ற பிரக்ஞையோடு எழுதப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சுருக்கத்தை எடுத்துக்கொண்டோம், பருவத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

பருவச் சொல்லைச் சிலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அது வேலை செய்கிற விதம் வேறு. 'தவளை' என்றால் அங்கே வசந்தம். 'ஊஞ்சல்' என்றாலும் வசந்தம். எழுதுகிறவன் ஒரு சொல்லைப் போட்டதும் படிக்கிறவன் மனசில் மாதம், வெளிச்சம், குளிர், அந்த மாதத்தில் செய்கிற வேலை எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பதினேழு அசை போதுமானதாக இருப்பது அதனால்தான். சுருக்கத்துக்கு ஆதாரம் இந்தப் பொது ஒப்பந்தம். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் சுருக்கம் துணுக்காகிவிடுகிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தவர் தொல்காப்பியர். கொன்றை என்றால் கார் என்பது ஒரு காலத்தில் இங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. குறுந்தொகையில் ஒரு தோழி, கொன்றை பூத்துவிட்டதே, கார் வந்துவிட்டதே, அவன் வரவில்லையே என்று தவிக்கிறவளிடம், இது கார் இல்லை, அந்த மரம் மடத்தனமாக ஏமாந்து பூத்துவிட்டது என்று சாதிக்கிறாள். பருவத்தை வைத்துப் பொய் சொல்கிறாள். பொய் சொல்ல வேண்டுமானால் உண்மை எது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் இப்போது நம்மிடம் இல்லை. சித்திரையில் விருதுநகர் ரோட்டோரத்தில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. அது எந்தப் பருவத்துக்குச் சொல் என்று கேட்டால் நானும் விழிப்பேன்.

இவ்வளவையும் நோட்டில் எழுதிவிட்டு, நமக்குப் பொதுவான பருவம் செத்துவிட்டது என்று ஒரு வரியையும் சேர்த்தேன். விமர்சகனுக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் நிம்மதி. அந்த வரி தப்பு என்று காட்டியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் கவிதை படிக்காதவர்கள்.

நான் குடியிருப்பது விருதுநகர், வேலை சிவகாசியில். சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று பெயர், நேரு வைத்தது என்பார்கள். உழைப்பைப் பார்த்து வைத்த பெயர். பருவங்களை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஜப்பானுக்கும் எங்களுக்கும் நெருப்பு வழியாக ஒரு பழைய உறவு உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் கிழித்த தீக்குச்சிகளில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை. கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்ததில் ஜப்பானியருக்குப் பங்குண்டு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் இங்கே தீப்பெட்டி. 1940 வாக்கில் பட்டாசு. பிறகு அச்சு.

மழை குறைவு என்பதாலேயே வளர்ந்த ஊர் இது. ஜப்பானியக் கவிதை மழைக்கு எத்தனையோ பெயர் வைத்திருக்கிறது. எங்களுக்கு மழை இல்லாததுதான் முதலீடு. தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கும் தினசரிக் காலண்டர் பெரும்பாலும் இங்கே அச்சாவது. ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். அதே நாளில் பட்டாசுக்காரர்களும் தீபாவளி வியாபாரத்துக்குப் பூஜை போடுவார்கள். என் மேஜைக்கு மேலே தொங்குகிற காலண்டரில் ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கின்றன. பருவம் என்று ஒரு வரி இல்லை.

என் தாய்மாமா முப்பது வருஷத்துக்கு மேல் பட்டாசு ஆலையில் மருந்து அறையில் வேலை பார்த்தவர். அலுமினியப் பொடி ஏறி நகக்கண்களில் அப்படியே வெள்ளிக் கறை. ஜப்பான் விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"பூப் பாக்கவா மாப்ள இம்புட்டுச் செலவு? என்ன பூவு?"

"சரக்கொன்றை மாதிரி மாமா. சரமாத் தொங்கும். ஆனா ஊதா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஊதா சரியா வராது மாப்ள. நீலமும் செவப்பும் சேரணும். நீலமே ஒழுங்கா நிக்காது, சூடு கூடுனா வெளுத்துரும்" என்றார். பூவைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நான் முதலில் நினைத்தேன்.

பச்சைக்கு ஒரு விடுமுறை நாளே உண்டு என்று சொன்னபோது சிரித்தார். பச்சைக்கு பேரியம் வேண்டும். 2018இல் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது, 2021இல் மறுபடி உறுதி செய்தது. இப்போது செய்வதற்குப் பெயர் பசுமைப் பட்டாசு. "பேருல மட்டும் பச்சை இருக்கு" என்றார். ஜப்பானில் வாணவேடிக்கை கோடையில் ஆற்றங்கரையில் நடக்கும் என்றதும் நிஜமாகவே திகைத்துவிட்டார். "கோடையிலயா? செய்யவே பயந்துக்கிட்டு இருப்போமே."

அப்புறம் அவர் சொல்லத் தொடங்கினார். நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். ஐப்பசி கார்த்திகை அடைமழை, தீபாவளி முடிந்திருக்கும், வேலை கிடையாது, நகை அடகுக்குப் போகும். மார்கழி தையில் காலைப் பனி, மருந்து ஈரம் வாங்கும், வெயில் ஏறும்வரை வெளியே காயப்போட முடியாது. மாசியில் வேலை சூடு பிடிக்கும். பங்குனியில் விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் பொங்கல், அக்கினிச்சட்டி எடுக்க ஆள் லீவு போடும். சித்திரை பிறந்தால் மருந்து கலக்குகிறவர்கள் விடியலிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்துவிட வேண்டும். ஆனி ஆடியில் மேக்காத்து, காயப்போட்டது சீக்கிரம் காயும், தாள் நிற்காது. ஆவணி புரட்டாசியில் ராத்திரி பகல் தெரியாது. எல்லாவற்றிலும் பயம் எது என்று கேட்டேன். கோடை மழை என்றார். கத்திரி வெயிலில் திடீரென்று மந்தாரம் போட்டு நாலு தூற்றல் விழுந்தால், கலந்து மிச்சம் வைத்த மருந்து ஈரம் பட்டுத் தானாகச் சூடேறும். "கவிதை எழுதுறவுகளுக்குக் கோடை மழைன்னா சந்தோசமா இருக்கும். எங்களுக்கு அடிவயிறு கலங்கும்" என்றார்.

ஜப்பானியப் பருவ அகராதியில் வானம், பூமி, செடிகள், பிராணிகள் என்பவற்றோடு மனித வாழ்க்கை என்று ஒரு பகுதி உண்டு. தேயிலை பறித்தல் அதில்தான் வருகிறது. பட்டுப்புழு வளர்ப்பு வருகிறது. வேலை பருவத்தின் பகுதி. மாமா ஒரு மணி நேரத்தில் சொன்னதும் அப்படி ஒரு பகுதிதான். அதைப் பல்லாயிரம் பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எழுத்தில் வரவில்லை, அவ்வளவுதான். செத்தது எங்கள் வாசிப்பு.

இரண்டாவது ஆள் ஒரு பெண். பாங்க் கவுண்டருக்கு வந்தவர்.

இறந்துபோனவர் கணக்கை முடித்துப் பணம் கேட்கும் படிவம் எங்கள் கிளையில் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் போனதை வெளியூர்க்காரர்களும் அறிவார்கள். 2024 மே 9 செங்கமலப்பட்டி, எட்டுப் பேர் அன்றைக்கே. பேப்பரில் உள்பக்கத்தில் வந்து மறைகிற ஒன்று, இரண்டு என்பவை தனி. சத்தம் கேட்டால் இங்கே யாரும் என்ன என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். அந்தப் பக்கத்து ஆலைகளில் தெரிந்தவர்கள் யார் யார் என்று மனசு எண்ணத் தொடங்கும்.

அந்தப் பெண்ணின் ஊரையும் வருஷத்தையும் சொல்ல வேண்டியதில்லை. புருஷனின் பாஸ்புத்தகத்தோடு வந்திருந்தார். நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். இறந்த தேதி என்று கேட்டேன்.

"கத்திரி பெறந்து மூணாம் நாளு சார்" என்றார்.

"தேதி சொல்லுங்கம்மா."

"அன்னைக்கு மந்தாரம் போட்ருந்துச்சு. மத்தியானம் ரெண்டு தூத்தல் விழுந்துச்சு. வீட்டுக்கு வந்துருவாகன்னு சோறு வடிச்சேன்."

சான்றிதழை வாங்கிப் பார்த்துக் கட்டத்துக்குள் எழுதினேன். 06, 05, பிறகு வருஷம். படிவத்தில் கட்டங்கள் எட்டுதான். கத்திரிக்கோ மந்தாரத்துக்கோ அதில் இடம் இல்லை. அதனால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, என்னைத் தவிர. ஏனென்றால் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டைத் திறந்தபோது அந்தப் பக்கத்தில் அதே தேதி இருந்தது. மே 6: கோடை பிறப்பு, காமகுரா, எங்கக்குஜி கோயிலில் ஓஸுவின் கல்லறை. பெயரில்லாமல் 'சூனியம்' என்ற ஒற்றை எழுத்து மட்டும் செதுக்கிய கல். அதன் முன்னால் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருந்தேன்.

நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். கத்திரி அதற்குள்தான் வருகிறது, மே 4 வாக்கில் பிறந்து 28 வாக்கில் முடிகிறது. அவர்களுக்கு இளவேனில் முடிகிற வாரத்தில்தான் எங்களுக்குக் கத்திரி பிறக்கிறது. நான் ஊரை விட்டுப் போவதாக எழுதியிருந்த நாட்களும் அவைதான்.

பாரதியின் அந்தக் கட்டுரையில் இன்னொரு விஷயம் உண்டு. ஹொகூஷி என்ற சீடன், தன் வீட்டைத் தீ கொண்டுபோனபோது, அந்தச் சேதியைப் பூ உதிர்வதோடு சேர்த்துக் குருவுக்குக் கவிதையாக எழுதி அனுப்பியதை பாரதி எடுத்துச் சொல்கிறார். பல வருஷமாக அதை நான் பற்றற்ற மனநிலையின் உச்சம் என்று நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது ஒன்று தோன்றுகிறது. எரிந்த வீடு ஹொகூஷியுடையது. அவன் சொல்லலாம். பக்கத்துத் தெருக்காரன் சொல்லியிருந்தால் அது அநாகரிகம். ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கைக்கு 'ஹனபி' என்று பெயர், பூ-நெருப்பு. அழகான சொல். பழைய கணக்கில் இலையுதிர் காலத்துக்கும் இன்றைய கணக்கில் கோடைக்கும் உரியது. அதைத் தமிழாக்கி இந்த ஊரைப் பற்றிய கவிதையில் போட எனக்கு உரிமை கிடையாது. மாமாவுக்கு இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இருக்கலாம். அவர்கள் எழுதுவதில்லை.

பிரயாணத்தை நான் ரத்து செய்யவில்லை. செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இன்னும் கௌரவமான முடிவு கிடைத்திருக்கும். ஆனால் நான் போகாததால் இங்கே எதுவும் மாறாது. தவிர, ஒரு ஜனங்கள் தங்கள் பருவங்களை எழுதி வைத்ததையும், அந்தப் பேரேடு மூடப்படுவதையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. ஒரு மாற்றம் மட்டும் செய்திருக்கிறேன். மே 3ஆம் தேதியே ஊர் திரும்புகிறேன். கெண்டை மீன் கொடியும் ஓஸுவின் கல்லறையில் கோடை பிறப்பும் போயிற்று. கல்லறையை ஏப்ரலில் பார்த்துக்கொள்கிறேன். கத்திரி பிறக்கும்போது இங்கே இருக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது என்பதற்கு நியாயமான காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. லீவு விண்ணப்பத்தில் திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

நோட்டில் இப்போது இரண்டு பத்திகள். இடப்பக்கம் ஜப்பானியப் பருவச் சொற்கள், ஐம்பதுக்கு மேல். வலப்பக்கம் எங்கள் ஊருடையவை: மேக்காத்து, அடைமழை லீவு, காலைப் பனி, மருந்து ஈரம், மந்தாரம், கத்திரி பெறந்து மூணாம் நாள் என்று பதினொன்று. இவற்றை வைத்து எழுதுகிறவர் பட்டாசு வேலை பார்க்கிற ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வரக்கூடும். வரும்போது சொற்கள் கையில் இருக்கட்டும். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நண்பர்களில் கடற்கரைக்காரர்கள் இருக்கிறீர்கள், உப்பளத்துப் பக்கத்தவர் இருக்கிறீர்கள், டெல்டாவில் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் வேலை செய்கிறவர்கள் பருவத்தைச் சொல்கிற சொற்கள் பத்தாவது எழுதி அனுப்புங்கள். மாதத்தையும், அந்தச் சொல்லில் பயம் இருக்கிறதா சந்தோஷம் இருக்கிறதா என்பதையும் பக்கத்தில் குறித்துவிட்டால் போதும்.